மண்வாசனையும் மண்ணுரிமையும்

ஈழத்துப் புனைகதையைப் பற்றிய கட்டுரைகளில் 'மண்வாசனை' என்ற சொல் மிக அடிக்கடி காணப்படுவது. அச்சொல் தன் காலத்தில் நற்பணி புரிந்தது என்பதில் ஐயமில்லை. தமிழகத்து வணிகச் சஞ்சிகைகளின் வார்ப்பில், தாம் கண்டறியாத சென்னைத் தெருக்களை வைத்து நம்மவர் கதை புனைந்த நிலை, 1950களிலும் 1960களிலும் எழுந்த தேசிய இலக்கியக் குரலால் மாறிற்று. பூவரசம் வேலியும் பனங்கூடலும் துலாக்கிணறும் செம்பாட்டுத் தோட்டமும் கதைகளுக்குள் வந்தன. உழைப்போர் தம் வாய்மொழியிலேயே பேசினர். அம்மொழியை 'இழிசனர் வழக்கு' என்று பழைமைவாதிகள் எள்ளியபோது, மண்வாசனை என்ற சொல்லே படைப்பாளிக்குக் கேடயமாயிற்று.

ஆயினும், மண்ணின் வாசனையை நுகர்ந்த நமது விமர்சனம், அம்மண்ணுக்குரிய உறுதி யாருடைய பெட்டகத்தில் கிடக்கிறது என்று போதிய அளவு கேட்டதாகத் தெரியவில்லை. துலாவின் அழகை வியந்தவர்கள், அத்துலாக்கயிற்றைத் தொடும் உரிமை யாருக்கு இருந்தது, யாருக்கு மறுக்கப்பட்டது என்பதைக் கதையின் மையமாகக் கொண்டார்களில்லை. அதன் விளைவாக, கே. டானியல் முதலானோரின் நாவல்கள் 'சாதிய நாவல்கள்' என்ற ஒரே தலைப்பின்கீழ் அடுக்கப்பட்டன. அப்பெயரைப் பிழையென்று தள்ள வேண்டியதில்லை. ஆனால் அது பாதி உண்மை. அவை நிலத்தைப் பற்றிய நாவல்கள். நீரைப் பற்றிய நாவல்கள். யாழ்ப்பாணத்தில் நிலமும் நீரும் உடைமையாகிய முறைக்கே சாதி என்று பெயர். இதனைக் காணாத வாசிப்பு, போராட்டத்தின் பாதியை மறந்துவிடும் வாசிப்பாகும்.

இதனை விளங்கிக்கொள்ள இப்பகுதியின் இயற்கையை முதலில் நோக்குதல் வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. வழுக்கியாறு மாரியில் மட்டும் ஓடி அடங்கும். ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை பெய்யும் வடகீழ்ப் பருவமழை சுண்ணக்கற் பாறைக்குள் இறங்கி, உவர்நீரின்மேல் ஒரு வில்லைபோல மிதந்து நிற்கிறது. அந்த நன்னீரைக் கிணற்றின் வழியாக மேலே கொண்டுவந்தே புகையிலையும் மிளகாயும் வெங்காயமும் விளைவித்தனர். எனவே கிணற்றுப் பங்கில்லாத தோட்டத்தறை வெறுந்தரையே. யாழ்ப்பாணத்துக் காணி உறுதிகள் பலவற்றில் நிலத்தின் பரப்போடு கிணற்றுப் பங்கும் வழிவாய்க்கால் பாத்தியதையும் சேர்த்தே எழுதப்படுவதன் பொருள் இதுதான். 16 பரப்புக் கொண்டது ஒரு ஏக்கர். இங்கே மனிதர் ஏக்கர்க் கணக்கிற் பேசுவதில்லை, பரப்புக் கணக்கிற் பேசுகின்றனர். தஞ்சையின் மிராசுதாரைப் போன்ற பெருநிலக்கிழாரை இங்கே தேடுவோர் ஏமாந்து போவர். ஆனால் பெருநிலக்கிழார் இல்லை என்பதனால் நிலப்பிரச்சினையும் இல்லை என்று முடிவு கட்டுவோர் இன்னும் பெரிதாக ஏமாந்தவராவர்.

நிலம் சிறிதாயினும் அது யாரிடம் சென்றது, யாரிடம் செல்லவில்லை என்பதே கேள்வி. ஒல்லாந்தர் 1707இல் தொகுப்பித்த தேசவழமைச் சட்டத்தில் அடிமைகளை உடைமையாகக் கொள்ளுதல் பற்றிய விதிகள் உண்டு. காணியை விற்க விரும்புவோர் முதலில் கூட்டுரிமையாளருக்கும் உரித்தாளருக்கும், அக்காணியை ஈடு பிடித்துள்ள அயற்காணிக்காரருக்கும் அறிவிக்க வேண்டும் என்ற முற்கொள்ளும் உரிமையும் அதே தொகுப்பில் உண்டு. இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் படித்தால் ஓர் உண்மை புலனாகும். ஒரு பகுதி மக்கள் தாமே பிறர் உடைமையாக இருந்தனர். நிலமோ உறவுக்குள்ளும் அயலுக்குள்ளுமே சுழலுமாறு காக்கப்பட்டது. 1844இல் பிரித்தானிய ஆட்சி இலங்கையில் அடிமைமுறையைச் சட்டப்படி ஒழித்தது. விடுதலை பெற்றோருக்கு அன்று விடுதலை கிடைத்தது. குடியிருக்க ஒரு பரப்புத்தானும் கிடைக்கவில்லை. அவர்கள் பழைய எசமானின் பனங்காணியிலேயே குடிசையிட்டு வாழ்ந்தனர். அவன் மரத்தில் ஏறினர், அவன் தோட்டத்தைக் கொத்தினர், அவன் கிணற்றுக்கட்டுக்கு அப்பால் குடத்தோடு நின்று, யாரேனும் இரங்கி வார்க்கும் நீருக்காகக் காத்திருந்தனர். பணியாவிடின் காணியை விட்டு எழும்பச் சொல்ல ஒரு வார்த்தை போதும். சாட்டையிலும் கொடிய ஆயுதம் அந்த ஒரு வார்த்தையே.

சுதந்திர இலங்கையின் நிலச் சீர்திருத்தங்கள் இந்த உறவைத் தீண்டவில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது. 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் குத்தகை விவசாயிக்குப் பாதுகாப்பளிக்க வந்தது. பெயரே கூறுவதுபோல் அது நெற்காணிக்கு உரியது. தோட்டக்காணியில் கூலிக்கு உழைத்தவனையும் பனங்காணியில் குடியிருந்தவனையும் அது கண்டுகொள்ளவில்லை. 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியார் உடைமைக்கு 50 ஏக்கர், நெற்காணியாயின் 25 ஏக்கர் என்று உச்சவரம்பு கட்டிற்று. பரப்புக் கணக்கில் வாழும் குடாநாட்டில் அந்த வரம்பைத் தொடும் உடைமைகள் அரிது. சட்டங்கள் தலைக்கு மேலாகப் பறந்து சென்றன. காணி இருந்தவரிடமே இருந்தது. சட்டம் காணாத இந்த உறவை இலக்கியம் கண்டதா என்பதே நாம் ஆராய வேண்டியது.

என். கே. ரகுநாதனின் 'நிலவிலே பேசுவோம்' என்ற சிறுகதையை அறியாத ஈழத்து வாசகர் சிலரே. தம்மைக் காண வந்த தாழ்த்தப்பட்ட மக்களை வீட்டினுள் அழைக்க மனமில்லாத பெரிய மனிதர் ஒருவர், நிலவைக் காரணம் காட்டி வெளியே அழைத்துச் சென்று பேசுகிறார். போலிச் சீர்திருத்தவாதியைத் தோலுரித்த கதை என்று அது போற்றப்பட்டது, தகும். ஆனால் கதை நிகழும் களத்தைக் கவனிப்போம். வீடு அவருடையது, வளவு அவருடையது, யார் எங்கே நிற்பது என்று தீர்மானிக்கும் அதிகாரமும் அவருடையது. அவருடைய மனம் நாளை மாறிவிடினும் வளவின் உறுதி மாறப்போவதில்லை. வந்தவர்கள் அழைக்கப்படுவதற்காகக் காத்திருப்பவர்களாகவே இருப்பர். இக்கதையை மனப்போலியின் கதையாக மட்டும் கற்பிக்கும் ஆசிரியர், அதன் அடியிலுள்ள நிலத்தைத் தவறவிடுகிறார். டொமினிக் ஜீவாவின் 'தண்ணீரும் கண்ணீரும்' 1960இல் நூலாகிச் சாகித்திய மண்டலப் பரிசு பெற்றபோது, அதன் தலைப்பே ஓர் இலக்கிய விமர்சனமாக அமைந்தது. கண்ணீரைப் பற்றி நிறையப் பேசப்பட்டது. தண்ணீரைப் பற்றி அத்தனை பேசப்படவில்லை.

செ. கணேசலிங்கன் 1965இல் வெளியிட்ட 'நீண்ட பயணம்' கிராமத்துத் தாழ்த்தப்பட்ட மக்களின் விழிப்பை நாவலின் பொருளாக்கிற்று. இம்மக்களைப் பரிதாபத்துக்குரியோராக அன்றி வரலாற்றை நகர்த்துவோராகக் காட்டிய வகையில் அது ஒரு திருப்பம். இத்திருப்பத்தை முழுமையாக்கியவர் டானியல். அவர் நூல்நிலையத்திலிருந்து கிராமத்துக்குச் சென்றவரல்லர். தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கத்தின் முன்னணியில் நின்று உழைத்தவர். 'அடிமைகள்' 1890 முதல் 1956 வரையான காலத்தை எடுத்துக்கொண்டு, ஓர் உயர்குடும்பத்தின் வாழ்வையும் தாழ்வையும் அதனைச் சுமந்து நின்ற குடிமைகளின் வாழ்வோடு பிணைத்துக் காட்டுகிறது. மூன்று தலைமுறைகளுக்கு நீளும் இக்காலப் பரப்பு தற்செயலானதன்று. ஒருவனுடைய கோபதாபங்களைச் சித்திரிக்க ஓராண்டு போதும். உடைமை கைமாறுவதையும் கைமாறாதிருப்பதையும் சித்திரிக்கத் தலைமுறைகள் வேண்டும்.

'கானல்' மதமாற்றத்தை எடுத்துக்கொள்கிறது. சமத்துவத்தை நாடி வேதத்துக்குச் சென்றோர் அங்கும் அதனைக் காணாது நின்றதை நாவலின் பெயரே உணர்த்திவிடுகிறது. தெய்வத்தின் பெயர் மாறினாலும் குடியிருக்கும் காணியின் உடைமைக்காரன் மாறாதவிடத்து விடுதலை கானலே என்ற உண்மையை நாம் இங்கிருந்து பெற்றுக்கொள்ளலாம். 'தண்ணீர்' நாவலோ தன் பொருளைத் தலைப்பிலேயே கூறிவிடுகிறது. குடிப்பதற்கு நன்னீர் மறுக்கப்பட்ட மக்களின் கதை அது. உவர்நீர் ஊறும் ஒதுக்குப்புறம் ஒருவருக்கும் நன்னீர் ஊறும் தறை இன்னொருவருக்கும் எனப் பிரிக்கப்பட்ட ஊர்களில், சாதி என்பது நிலத்தடி நீர்வளத்தின் பங்கீடுமாகும். இதனைக் கோட்பாடாக அன்றிக் குடமும் கயிறுமாக நம்முன் நிறுத்தியமையே டானியலின் சாதனை.

இந்நாவல்களைச் சாதியுணர்ச்சியின் கதைகளாக மட்டும் குறுக்குவதால் வரும் கேட்டைக் கடல் கடந்த ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். 1968 டிசம்பர் 25இல் கீழத்தஞ்சையின் கீழ்வெண்மணியில் 44 உயிர்கள் ஒரே குடிசையில் எரிக்கப்பட்டன. செங்கொடிச் சங்கத்தில் சேர்ந்து கூலியுயர்வு கேட்ட உழவுத் தொழிலாளரின் குடும்பங்கள் அவை; மாண்டோரிற் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். குற்றஞ்சாட்டப்பட்ட நிலவுடைமையாளர்கள் பின்னர் சென்னை உயர்நீதிமன்றத்தில் விடுதலையாயினர். இந்நிகழ்ச்சியைப் பொருளாகக் கொண்டு இந்திரா பார்த்தசாரதி 1975இல் 'குருதிப்புனல்' எழுதினார். திறன்மிக்க எழுத்து அது. சாகித்திய அக்காதெமிப் பரிசும் பெற்றது. ஆனால் நிலக்கிழாரின் கொடுமைக்கு வேரை அவனது ஆண்மைக் குறைபாட்டிலும் அதன்வழி வந்த மனக்கோளாற்றிலும் அது தேடியபோது, இடதுசாரி விமர்சகர்கள் கடுமையாக மறுத்தனர். அம்மறுப்பு நியாயமானதே. நோயாளியான ஒரு மிராசுதாரன் இல்லாதிருந்தால் வெண்மணி எரிந்திராது என்ற முடிவுக்கு அந்நாவல் வாசகனை அழைத்துச் செல்கிறது. கூலியாக அளக்கப்படும் நெல் கதையின் ஓரத்துக்குத் தள்ளப்படுகிறது.

தஞ்சையில் ஒரு நாவல் செய்ததையே யாழ்ப்பாணத்தில் நமது விமர்சனம் நாவல்களுக்குச் செய்துவந்திருக்கிறது. 'சாதிவெறி', 'சாதித்திமிர்', 'மனமாற்றம்' என்ற சொற்களால் அது நாவலை விளக்குகிறது. வெறியும் திமிரும் உள்ளத்துக்கு உரியவை. உள்ளம் திருந்தினால் அவை தீரும். அதனாலேயே நமது கதைகளிற் பலவும் கலப்புத் திருமணத்திலோ, ஓர் உயர்சாதி இளைஞனின் மனந்திரும்புதலிலோ முடிந்துவிடுகின்றன. டானியலின் 'பஞ்சமர்' நாவலிலும் உயர்சாதியிற் பிறந்து ஒடுக்கப்பட்டோரோடு சேர்ந்து நிற்கும் ஐயாண்ணன் இருக்கிறார். ஆனால் அவருடைய மனமாற்றம் கதையின் தீர்வன்று. மக்களின் அமைப்பே தீர்வு. இந்த வேறுபாடே 'பஞ்சமர்' நாவலை முன்னைய சீர்திருத்தக் கதைகளிலிருந்து பிரிக்கிறது.

எனினும் டானியலிடமும் நாம் ஒரு கேள்வியைத் தவிர்க்கலாகாது. 1957இல் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் வந்தது, ஏட்டிலே கிடந்தது. 1966 ஒக்டோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட ஊர்வலமும், 1967இல் உருவான வெகுஜன இயக்கமும், 1968இல் மாவிட்டபுரத்திலும் சங்கானை நிச்சாமத்திலும், பின்னர் மட்டுவிலிலும் நடந்த போராட்டங்களுமே அச்சட்டத்துக்கு உயிர் கொடுத்தன. தேநீர்க்கடைகள் திறந்தன, கோயிற் கதவுகள் திறந்தன, இவற்றுக்காக உயிர் கொடுத்தோரும் உண்டு. இவ்வெற்றியைச் சிறிதென்போர் அக்காலத்தை அறியாதவர். ஆனால் கடை வாயிலும் கோயில் வாயிலும் திறந்தபின்னர் அம்மக்கள் இரவில் திரும்பிச் சென்ற குடிசை யாருடைய காணியில் நின்றது? நுழைவுரிமை கிடைத்தது, நிலவுரிமை கிடைக்கவில்லை. 'பஞ்சமர்' தன் காலத்து இயக்கத்தின் தோளோடு தோள் நின்று எழுதப்பட்டது. அதனால் இயக்கத்தின் வேகம் அதற்கு வாய்த்தது. இயக்கத்தின் எல்லையும் அதற்கு எல்லையாயிற்று.

அந்த எல்லை ஏன் நேர்ந்தது என்பதையும் கூறவேண்டும். பண்ணையார் ஒருவரின் ஆயிரம் ஏக்கரைப் பகிர்ந்தளி என்று முழங்குவது எளிது. எட்டுப் பரப்புத் தோட்டத்தில் தானே இறைத்துத் தானே கொத்தும் சிறு விவசாயியும் நிலவுடைமையாளனாக இருக்கும் ஊரில் அம்முழக்கம் யாரை நோக்கி எழும்? அவன் ஒருகையால் மண்வெட்டி பிடிப்பவன். மறுகையால் கிணற்றுக்கட்டைக் காப்பவன். அவனை நட்புச் சக்தியாக வென்றெடுக்காமல் போராட்டம் முன்னேறாது; அவன் உடைமையைக் கேள்விக்குள்ளாக்காமல் போராட்டம் நிறைவேறாது. இம்முரண்பாடு அரசியலுக்குக் கடினமானது. நாவலுக்கோ இதைவிட வளமான பொருள் இல்லை. டானியலின் உயர்சாதிப் பாத்திரங்களில் ஆணவம் மிக்க 'நயினார்'கள் நன்கு உருவாகியிருக்கின்றனர். ஒரு பரப்புக்காக அண்ணன் தம்பியோடு வழக்காடி, வட்டிக்காரனிடம் ஈடு வைத்து, அதே வேளையில் தன்னிலும் ஏழையைக் கிணற்றிலிருந்து விரட்டும் சிறு கமக்காரனின் உள்முரண் அதே ஆழத்தோடு வரையப்படவில்லை. பாத்திரங்கள் சில இடங்களில் கருத்தின் வாகனங்களாகிவிடுகின்றன என்ற குறைபாட்டுக்கும் இதுவே காரணம் என்பது நமது துணிபு. கலைக்குறையென்று அழகியல்வாதிகள் சுட்டுவது பெரும்பாலும் சமுதாயப் பகுப்பாய்வின் குறையே.

குடாநாட்டில் நிலமில்லாதோருக்கு வன்னியே வழியென்று ஒரு காலத்தில் காட்டப்பட்டது. குடியேற்றத் திட்டங்களைத் தேடிப் பலர் அங்கே சென்றனர். செங்கை ஆழியானின் 'காட்டாறு' (1977) அப்புதிய மண்ணிலும் பழைய உறவுகள் முளைத்ததைக் காட்டுகிறது. செல்வாக்குடையோரும் அதிகாரிகளும் கைகோத்து நிலத்தையும் காட்டையும் தமதாக்க, உழைப்பவன் கூலியாகவே நிற்கிறான். சாதிய நாவல் வரிசையில் இதனை எவரும் வைப்பதில்லை. ஆனால் 'அடிமைகள்' நாவலையும் 'காட்டாறு' நாவலையும் அடுத்தடுத்து வாசிக்கும் மாணவர், ஒரே வரலாற்றின் இரண்டு அத்தியாயங்களை வாசிப்பதை உணர்வர். தலைப்புகளாற் பிரிக்கப்பட்டவற்றை நிலம் ஒன்றுசேர்க்கிறது.

இன்று இவற்றை ஏன் பேசவேண்டும்? வகுப்பறையில் இந்நூல்களை எடுக்கும்போது, ஒழிந்துபோன ஒரு கொடுமையின் ஆவணங்களாகவே இளையோர் பலர் அவற்றைக் காண்கின்றனர். துலா போய் நீரிறைக்கும் இயந்திரம் வந்துவிட்டது. தேநீர்க்கடையில் எவரும் சாதி கேட்பதில்லை என்கின்றனர். அவர்கள் கண்டது உண்மை, காணாதது இன்னொன்று. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து மக்கள் இடம்பெயர்ந்தனர்; அவர்களது நிலம் உயர்பாதுகாப்பு வலயமாயிற்று. 2013இல் 6,381 ஏக்கரைச் சுவீகரிக்க அறிவித்தல் வந்தபோது காணிக்காரர் உறுதிகளோடு நீதிமன்றம் சென்றனர். 2015இன் பின்னர் காணிகள் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டன. அந்தப் போராட்டம் நியாயமானது. நம் எல்லோருடைய ஆதரவுக்கும் உரியது. ஆனால் உறுதி உள்ளவரே அதில் வழக்காட முடிந்தது. முகாம்களில் இறுதிவரை தங்கியவர்களுள் நிலமற்ற ஒடுக்கப்பட்ட மக்களே மிகுதி. பிறர் காணியிற் குடியிருந்து பெயர்ந்தவர்களுக்கு மீளுவதற்கு ஊர் இருந்தது, காணி இருக்கவில்லை. 'மண்மீட்பு' என்ற முழக்கம் அவர்களது காதில் எவ்வாறு ஒலித்திருக்கும்? 1844இல் கேட்கப்படாத கேள்வி 170 ஆண்டுகளின் பின்னரும் முகாம் வாயிலில் நின்றது.

நீரின் கதையும் முடியவில்லை. இயந்திரங்கள் அளவின்றி இறைத்தமையால் உவர் ஏறியது; உரங்களின் நைத்திரேற்று வலிகாமத்துக் கிணறுகளில் இறங்கியது. சுன்னாகம் மின்நிலையச் சூழலிலுள்ள கிணறுகளில் எண்ணெய் கலந்தமை வெளிப்பட்டபோது மக்கள் வீதிக்கு வந்தனர். 2019இல் இலங்கை உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபா நட்டஈடு செலுத்தப் பணித்தது. இரணைமடு நீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவரும் திட்டத்தைக் கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தனர். பின்னர் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் எழுந்து 2024இல் திறக்கப்பட்டது. முன்பு ஒருவர் கிணற்றுக்கு அருகே இன்னொருவர் குடத்தோடு நின்றார். இன்று கிணற்றுக்காரரும் குடத்தோடு குழாயடியில் நிற்கிறார். இந்த நிலைமாற்றம் தன் நாவலாசிரியனை வேண்டி நிற்கிறது.

எனவே கிராமத்தைப் பொருளாகக் கொண்ட எந்தக் கதையிடமும் மூன்று வினாக்களைத் தொடுக்குமாறு ஆசிரியரையும் மாணவரையும் வேண்டுகிறோம். குடிசை நிற்கும் காணி யாருடையது? குடிக்கும் நீரின் கிணறு யாருடையது? வேலைக்கு வர மறுத்தால் மறுநாள் அந்தக் குடும்பத்துக்கு என்ன நேரும்? பேச்சுவழக்கு எவ்வளவு சுவையாக அமைந்தாலும், இவ்வினாக்களுக்கு விடையே இல்லாத கதையில் மண்ணின் வாசனை மட்டுமே மிஞ்சும். விடையுள்ள கதை, நடையிற் சற்றே கரடுமுரடாயினும், அம்மண்ணில் உழைப்பவரின் வாழ்வைச் சொல்லும். டானியல் 1986இல் தஞ்சாவூரில் மறைந்தார். கோயில் வாசல்வரை அவர் கொண்டுவந்து விட்ட கதையை, குடிசை நிற்கும் காணிவரை எடுத்துச் செல்வது அவருக்குப் பின்வந்த எழுத்தாளரின் கடமை. அவ்வாறு எழுதப்படுவதை இனங்கண்டு சொல்வது விமர்சனத்தின் கடமை.